புதிய மடிக்கணினிக்கு மாறும்போது எவற்றை நகலெடுக்கலாம், எவற்றை மீண்டும் நிறுவ வேண்டும்?

பழைய விண்டோஸ் மடிக்கணினியில் இருக்கும் மென்பொருள்களையும் கோப்புகளையும் அப்படியே புதியதற்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்புகளைக் கொண்டுபோகலாம், மென்பொருள்களை மீண்டும் நிறுவுவதே நல்லது. இவ்விரண்டிலும் சேராமல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கிடக்கும் சிலவற்றைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகத் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தி வருகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி என் பழைய கணினியில் இல்லாததால் புதியது வாங்க வேண்டியதாயிற்று. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையையும் சேர்த்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். புதிய கணினியில் போட்டுச் சொடுக்கியபோது பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கவில்லை. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் கோப்புறை மட்டும் உருவாவதில்லை. ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் விண்டோஸின் பதிவேட்டில் பல பதிவுகள் எழுதப்படுகின்றன, பொதுவான துணைக்கோப்புகள் வேறு இடங்களில் சேர்க்கப்படுகின்றன, உரிமமும் பெரும்பாலும் அந்தக் கணினியோடு பிணைக்கப்படுகிறது. கோப்புறையை மட்டும் தூக்கிச் சென்றால் இவையெல்லாம் பழைய கணினியிலேயே தங்கிவிடும்.

ஆகவே ‘செட்டிங்ஸ்’ பகுதியில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, உண்மையில் பயன்படுத்துபவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கியவற்றின் உரிம எண்களையும் அதிலேயே எழுதுங்கள். ஒரே கணினிக்கு மட்டும் உரிமம் உள்ள மென்பொருளாக இருந்தால், புதியதில் நிறுவுவதற்கு முன் பழையதில் அதன் உரிமத்தை விடுவித்துவிடுங்கள்.

கோப்புகளைப் பொறுத்தவரை, ‘டாகுமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘டெஸ்க்டாப்’, ‘டவுன்லோட்ஸ்’ ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ கோப்புறையில்தான் பல மென்பொருள்களின் அமைப்புகளும் வார்ப்புருக்களும் இருக்கின்றன. அதை முழுவதுமாக நகலெடுக்காமல், தேவையான மென்பொருளின் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உலாவியின் கடவுச்சொற்களையும் புத்தகக்குறிகளையும் அதன் கணக்கில் நுழைந்து ஒத்திசைத்தாலே போதும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஒரு காணொளியைக்கூட அது ஏற்காது; எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கட்டும்.

எனக்கு உண்மையிலேயே வலித்தது எழுத்துருக்களில்தான். 2003 வாக்கில் தயாரித்த பயிற்சித் தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய கணினியில் திறந்தபோது, ‘அம்மா’ என்று தட்டியிருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அந்த அரைப்புள்ளிதான் ‘ம்’ மேல் இருந்த புள்ளி. கோப்பு கெடவில்லை, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது என்பதால், அது இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலமே தெரியும். திஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் எழுதிய ஆவணங்களும் இப்படித்தான் உரிய எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாதவை ஆகிவிடும். ஆகவே பழைய கணினியை அழிப்பதற்கு முன், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியிலிருந்து நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்களைத் தவறாமல் நகலெடுங்கள். புதியதில் ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கு செய்து நிறுவினால் எழுத்துகள் திரும்பி வந்துவிடும். அதன்பின் பொறுமையாக, எழுத்துரு மாற்றியின் துணையோடு அவற்றை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடங்கள் உள்ள பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் வாரம் பத்துத் தாள்கள் என்று மாற்றி வருகிறேன். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது அவசியம்.

பழைய கணினி பழுதாகி, அதன் வட்டைக் கழற்றிக் கோப்புகளை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வட்டில் உள்ளவற்றை மறையாக்கிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் வட்டு திறக்காது. அந்த எண் பலருக்கு அவர்களின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே பார்த்து எழுதிவையுங்கள்.

எல்லாம் மாறிவிட்டது போலத் தோன்றினாலும் பழைய கணினியை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வுப் பயிற்சி ஒலிப்பதிவு வேறொரு கோப்புறையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. அதன்பிறகு ‘ரீசெட்’ வசதியில் அனைத்தையும் நீக்கி வட்டையும் துடைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். அது முடிந்ததும் கணினியைக் குப்பையோடு போடாமல், மடிக்கணினிகளை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடலாம்.