வண்டி கேள்வி பதில்: பேட்டரி புதுசு, பிரஷ் புதுசு, ஆனாலும் ஒரே ஒரு "டக்"

கேள்வி: என்னுடையது 2008 மாடல் டீசல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறேன். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) முடித்து வந்ததிலிருந்து, விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளினால் உடனே எடுத்துக்கொள்கிறது. புது பேட்டரி போட்டேன், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றியாயிற்று. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் வேறு சில சமயம் சுடுகிறது. இப்போது சாவி சுவிட்சை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதீர்கள். கேபிள் சுடுகிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 200 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். அவ்வளவும் எஞ்சின் பிளாக் வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். பேட்டரி மைனஸ் சேசிஸில்தான் இணைந்திருக்கும். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல், ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ சேசிஸுக்கு ஒரு தடித்த எர்த் ஸ்ட்ராப் போட்டிருப்பார்கள். அது துருப்பிடித்தாலோ, அதன் அடியில் பெயின்ட் புகுந்துவிட்டாலோ, கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த இரும்புக் கம்பியில் எல்லாம் ஏறும். மெல்லிய கம்பி அந்தக் கரண்டைத் தாங்காமல் சுடுகிறது. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியில் இருப்பதால் அது பாட்டுக்கு எரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எஃப்.சி.க்குப் பிறகு என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன், சேசிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தீர்களா? எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி., வருஷாவருஷம் ஒரு கோட் பெயின்ட். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டுப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முறுக்கி வைத்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் நீங்களே அளந்து பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேலேயே (கிளாம்ப் மேல் இல்லை, கம்பத்தின் மேல்) அழுத்திப் பிடியுங்கள், இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் யாரையாவது மூன்று விநாடி சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.5 தாண்டினாலே கோளாறுதான், உங்கள் வண்டியில் பல வோல்ட் காட்டினால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அந்த 0.01 ஓமை வண்டி நிற்கும்போது சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாது, அதனால்தான் சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பார்க்கச் சொல்கிறேன்.

எர்த் பக்கம் சரியாக இருந்தால், இதே மாதிரி பேட்டரி பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃபில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட் வரை பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றும் காட்டவில்லை, "டக்" மட்டும் கேட்கிறது, பேட்டரியும் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குள்ளேயே போகவில்லை. அப்போது சந்தேகப்பட வேண்டியது சொலினாய்டுக்குள் (சாவியைத் திருப்பினால் "டக்" என்று இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) இருக்கிற செம்பு கான்டாக்ட்டை.

ராத்திரி மூணு மணிக்கு மீட்டர் எல்லாம் எங்கே என்றால், ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேரே எஞ்சின் பிளாக்குக்குக் கொடுத்து சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றினால் எர்த்தான் என்பது உறுதி.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு, ஸ்ட்ராப்பின் இரண்டு முனையையும் கழற்றி, சேசிஸிலும் எஞ்சினிலும் உட்காரும் இடத்தை வெறும் இரும்பு மினுங்கும்வரை எமரி பேப்பரால் தேயுங்கள். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்கு வரும் கேபிளின் முனையையும் அப்படியே செய்யுங்கள். ஸ்ட்ராப் நரம்பு நரம்பாக அறுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், பிளஸ் கேபிள் அளவுக்காவது தடிமன் வேண்டும். சூடான ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உள்ளுறை உருகியிருக்கலாம், ஓடும்போது அது மாட்டிக்கொண்டால் ஆபத்து என்பதால் அதையும் மாற்றுங்கள்.

தயவுசெய்து செல்ஃப் டெர்மினலை ஸ்பேனரால் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறிவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்கு ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறேன், பாயிண்ட் செட் (ஸ்பார்க் வர காயில் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் கான்டாக்ட்) உள்ள எஞ்சின். செல்ஃப் சுற்றும்வரை எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்ட நொடியே அணைகிறது. கார்ப்பரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தாகிவிட்டது.

பதில்: கார்ப்பரேட்டரை விட்டுவிடுங்கள். இக்னிஷன் காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி மாதிரி ஒன்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் பேலஸ்ட் ரெசிஸ்டர். எஞ்சின் ஓடும்போது காயிலுக்குக் குறைந்த வோல்ட் போனால் போதும், அதைக் குறைப்பது இதன் வேலை. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்ட் இறங்கிவிடும் என்பதால், அப்போது மட்டும் இதைத் தாண்டி இன்னொரு வயர் வழியாக காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் போகும். ரெசிஸ்டர் அறுந்துவிட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

சாவியை ஆன் நிலையில் வைத்து, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரை எர்த்தில் மாட்டி, இன்னொன்றை ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். சாவி பக்க முனையில் எரிந்து காயில் பக்கம் இருட்டாக இருந்தால் ரெசிஸ்டர் போச்சு. இரண்டிலும் இருட்டு என்றால் சாவி சுவிட்ச், இல்லாவிட்டால் அங்கிருந்து வருகிற வயர். அவசரத்துக்கு ஒரு வயரால் ரெசிஸ்டரைத் தாண்டி இணைத்து வீடு வந்து சேரலாம், ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பாயிண்ட் கருகும், காயிலும் சூடாகிப் போய்விடும்.

கேள்வி: ஊட்டியில் காலையில் டீசல் பிக்கப் வெகுநேரம் சுற்றியபிறகுதான் எடுக்கிறது. ஹீட்டர் பிளக்கா (குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றுவது), டீசல் வரவில்லையா?

பதில்: சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியத்தான் இல்லை, அதனால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, லைனில் ஏர் இருக்கலாம். ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க, அதன் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்ப் வழியாக பிளக்கின் முனையைத் தொடுங்கள். பல்ப் எரியாத பிளக் அறுந்துபோன பிளக், அதை மட்டும் மாற்றினால் போதும்.