வில்லனுக்கே கைதட்டலா?

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்களில் நாயகனைவிட வில்லனையே ரசிகர்கள் அதிகம் விரும்புகிறார்களா?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: வில்லனின் பாத்திரத்தை விரும்புகிறார்கள், அவன் வெல்ல வேண்டும் என்று விரும்புவதில்லை என்பதே என் கருத்து. இத்தகைய கதைகளில் திட்டம் தீட்டுபவன் வில்லன். நாயகனோ பெரும்பாலும் அதற்கு எதிர்வினை ஆற்றுபவன். அடுத்தடுத்த படங்களிலும் அதே குணத்துடன் வர வேண்டியிருப்பதால் நாயகனைப் பெரிதாக மாற்ற எழுத்தாளரால் இயலாது. ஒரே படத்தில் முடிந்துவிடும் வில்லனுக்கோ காயம், கோபம், வீழ்ச்சி என முழு வாழ்க்கையையே தர முடிகிறது. பேட்மேனின் எதிரியான ஜோக்கர் என்ற ஒரே வில்லன் பாத்திரத்துக்காக நடிகர்கள் ஹீத் லெட்ஜர் 2009-இலும், வாக்கீன் ஃபீனிக்ஸ் 2020-இலும் ஆஸ்கர் பெற்றனர். சூப்பர் ஹீரோவாக நடித்த எவருக்கும் நடிப்புக்கான ஆஸ்கர் அதற்காகக் கிடைத்ததில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. கிரீடமும் புஜக்கட்டை என்னும் தோள் அணியும் அணிந்து துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்படும்போது, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கூட்டம்கூட நிமிர்ந்து உட்காரும். ஆனால், பாரதப் போரின் முடிவை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்த அவன் பேருருவத்தின் தொடை பிளக்கப்பட்டு, திரௌபதி கூந்தல் முடிவதைக் காணவும் அதே கூட்டம்தான் பக்தியோடு திரள்கிறது.

எல்லா வில்லன்களுக்கும் இந்த வரவேற்பு கிடைப்பதில்லை. காரணமே இன்றி உலகை அழிக்கப் புறப்படுபவனை, அரங்கைவிட்டு வெளியே வந்ததுமே ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள்.