குரலை உயர்த்தினீர்களா, எதிர்த்துப் பேசினீர்களா?

சென்ற மாதம் ‘ரெய்ஸ் யுவர் வாய்ஸ்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதன்பின் கிள்ளானை அடுத்த காப்பார், மேரு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குரலைப் பற்றியவை.

அந்தத் தொடர் சத்தமாகப் பேசுவதைச் சொல்கிறதா, கோபமாகப் பேசுவதையா? (படிவம் ஐந்து மாணவி)

இரண்டையும்தான், அம்மா. செம்பனை ஆலையின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேசினாலும் ‘ரெய்ஸ்’தான், தாயிடம் எரிந்து விழுந்தாலும் ‘ரெய்ஸ்’தான். எது என்பதை மற்ற சொற்கள் காட்டும். நீங்களோ தொடரை மட்டும் நறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். முழு வாக்கியத்தை அனுப்புங்கள்.

‘ஹிஸ் வாய்ஸ் ரெய்ஸ்ட்’ சரியா?

தவறு. அவர் குரலை உயர்த்தினார் என்றால் ‘ரெய்ஸ்ட்’. குரல் உயர்ந்தது என்றால் ‘ரோஸ்’. உயர்த்துவதையும் உயர்வதையும் தமிழில் யாரும் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன்?

தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) சத்தம் போட்டார் என்பதை ‘மேட் நாய்ஸ்’ என்று எழுதலாமா?

கூடாது. நம் ஊர்ப் பேச்சில் ‘மேக் நாய்ஸ்’ என்றால் குறை சொல்லி முணுமுணுப்பது. தேர்வுத்தாளில் அது வெறும் இரைச்சல். அவர் திட்டினார் என்றால் ‘ஸ்கோல்டட்’ என்று எழுதுங்கள்.

‘வாய்ஸ்’ மீனிங் ப்ளீஸ்.

பெயரும் இல்லை, வாக்கியமும் இல்லை. முழு வாக்கியத்தை அனுப்பினால் பதில் வரும்.

வீட்டுமனை மனுவில், “நிர்வாகத்திடம் குரல் எழுப்பினோம்” என்பதை ‘வீ ரெய்ஸ்ட் அவர் வாய்சஸ் டு த மேனேஜ்மெண்ட்’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் அனுப்பவில்லையே? அனுப்பாதீர்கள். ‘டு’ என்ற அந்தச் சிறு சொல் உங்களையே குற்றவாளிகளாக்கிவிடும். ‘ரெய்ஸ்ட் அவர் வாய்சஸ் டு’ என்று எழுதி ஒருவர் பெயரைச் சேர்த்தால், அவரைப் பார்த்துக் கத்தினோம் என்று பொருள். ‘அகெய்ன்ஸ்ட்’ என்று போட்டு, அதன்பின் அநீதியின் பெயரை எழுதினால்தான் அது எதிர்ப்புக் குரல்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதைக் கண்ணால் கண்டேன். ஒரு தோட்டத்தார் இதே தவற்றோடு மனு கொடுத்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். எதிர்த்தரப்பின் முதல் கேள்வி, “கத்தியது யார்?” என்பதுதான். வீட்டைப் பற்றிப் பேசப் போனவர்கள், அரை நாள் தங்கள் நடத்தைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த மனுவானாலும் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். அதைச் சொல்ல ‘தே ரெய்ஸ்ட் தெயர் வாய்சஸ் அகெய்ன்ஸ்ட்’ சரியாகப் பொருந்தும். துரையிடம் கத்தினார்கள் என்று படும்படி அதை எழுதினால் அந்தப் போராட்டத்தையே சிறுமைப்படுத்துகிறோம்.

உங்கள் மனுவுக்கு ‘வீ ரெய்ஸ்ட் த மேட்டர் வித் த மேனேஜ்மெண்ட்’ போதும். அடுத்த பத்தியில் “முதியவர்களுக்காகக் குரல் கொடுத்தோம்” என்பதை ‘கேவ் வாய்ஸ் ஃபார்’ ஆக்கியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கே இல்லை. ‘ஸ்போக் அப் ஃபார்’ என்று மாற்றுங்கள். ‘கிவ் வாய்ஸ் டு’ என்பது வேறு. மனத்தில் உள்ள அச்சத்தையோ குறையையோ வாய்விட்டுச் சொல்வது அது. உங்கள் தமிழ் மனு நன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தை உரக்கப் படித்து, யார், யாரிடம், எதை எதிர்த்து என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுப் பாருங்கள்.

‘ஹை வாய்ஸ்’ என்றால் உரத்த குரல்தானே?

இல்லை. கீச்சுக் குரல். உரத்த குரல் ‘லவுட்’. முழு பலத்தோடு கத்தினால் ‘அட் த டாப் ஆஃப் ஹிஸ் வாய்ஸ்’.

பக்கத்து வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. ‘ஐ ஹியர் வாய்சஸ்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிரித்தார்.

சிரித்திருக்க வேண்டாம், விளக்கியிருக்கலாம். வேறொன்றும் சேர்க்காமல் அப்படி எழுதினால், இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதாக, மருத்துவரிடம் சொல்லும் பொருள் வந்துவிடும். ‘ஐ ஹர்ட் பீப்பள் டாக்கிங் நெக்ஸ்ட் டோர்’ என்று எழுதுங்கள், தம்பி. முழு வாக்கியம் அனுப்பியதற்கு நன்றி.

திருவிழாவில் பாடித் தொண்டை கட்டிவிட்டது. ‘மை வாய்ஸ் புரோக்’ எனலாமா?

அது பருவ வயதுப் பையனுக்கும், அழுகையில் குரல் உடைந்தவருக்கும் உரியது. உங்களுக்கு ‘ஐ லாஸ்ட் மை வாய்ஸ்’.