கழட்ட முடியாத கவுன்

வணக்கம் அண்ணா,

சேலம் அஸ்தம்பட்டியில நாங்க கொஞ்ச பேரு மாசம் ஒரு புக்கு படிச்சு பேசிட்டு இருக்கோம். இந்த தடவ ஏற்காடு போய் ஏரிக்கரையில உக்காந்து பேசலாம்னு போலந்து எழுத்தாளர் லெம்மோட சோலாரிஸ்ங்கற சயின்ஸ் ஃபிக்ஷன் நாவல எடுத்தோம். சோலாரிஸ் கிரகத்து ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு போற கெல்வின் முன்னாடி செத்துப்போன பொண்டாட்டி ஹாரி வந்து நிக்கற வரைக்கும் எல்லாரும் மிரண்டு போய் படிச்சோம், அப்புறம் லைப்ரரில உக்காந்து பழைய ஆராய்ச்சி புக்கா படிக்கறான் பாருங்க, அங்க பாதி பேரு மூடி வெச்சுட்டாங்க. ஒரு அக்கா இது மோகினி கதைதானேன்னாங்க. ரிட்டயர்டான பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தரு அவள செஞ்சு அனுப்பற, அந்த கிரகத்த மூடியிருக்கற உசுருள்ள கடலுக்கு என்னதான் வேணும்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு. போரடிக்கற பக்கத்த தள்ளிட்டு படிச்சா தப்பா?

ஒரு வாசகி, சேலம்

வணக்கம்ங்க,

மோகினின்னு சொன்ன அக்கா பாதி தூரம் கரெக்டா வந்துட்டாங்க. ஆனா மோகினிக்கு ஆசை தீரல, பழி தீரல, ஏதோ ஒன்னு இருக்கும், பூசாரி வந்தா விஷயம் முடிஞ்சுது. ஹாரிக்கு தான் யாருன்னே தெரியாது. அந்த கவுன் சீன இன்னொருக்கா படிங்க. கெல்வின் அவள ஏமாத்தி ராக்கெட்ல ஏத்தி அனுப்ப பாக்கறான், சூட் மாட்டணும்னா கவுன கழட்டணும், பாத்தா முன்னாடி இருக்கற பட்டன் எல்லாம் சும்மா அழகுக்கு, திறக்கறதுக்கு வழியே கிடையாது, கத்திரிக்கோல் எடுத்து வெட்டத்தான் வேண்டியிருக்கு. இவன் ஞாபகத்துல பட்டன் இருந்துச்சு, அது எப்படி திறக்கும்ங்கறது இல்ல, கடல் இருந்தத வெச்சு செஞ்சு அனுப்பிடுச்சு, அவ்ளோதான். அடுத்து வர்றவளுக்கும் அதே கவுன்தான். எனக்கு ரத்தம் வர்ற சீன விட இதுதான் முதுகு சில்லுன்னு ஆச்சு.

வாத்தியாருக்கு ஒரு வேல குடுங்க. தனக்கு பைத்தியம் புடிச்சிருச்சான்னு பாக்க கெல்வின் ஒரு டெஸ்ட் வெப்பான்ல, மேல சுத்தற சாட்டிலைட்கிட்ட நம்பர் வாங்கி பாக்காமயே வெச்சுட்டு, தானா கணக்கு போட்டு அப்புறம் ரெண்டையும் ஒத்து பாப்பான், அத அவர் போர்டுல போட்டு காட்டட்டும். கணக்கு ஒத்து போயிடுது, அப்போ மூள சரியாதான் இருக்கு, பாக்கறது எல்லாம் நிஜம். பைத்தியம்னு வந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

லைப்ரரி பக்கத்துக்கு வர்றேன், தள்ளாதீங்க. அந்த கிரகத்துக்கு ரெண்டு சூரியன், பாதை நிலைக்கவே கூடாது, ஆனா கடல் அத புடிச்சு வெச்சிருக்கு. அது ஏன்னு தலைமுறை தலைமுறையா ஆளுங்க எழுதி குவிச்சாச்சு, கடல்ல எழும்பற உருவத்துக்கெல்லாம் மிமாய்டு, சிமெட்ரியாடுன்னு பேரு வெச்சாச்சு, ஒருத்தன ஒருத்தன் திட்டி புக்கும் போட்டாச்சு, கடைசில தெரிஞ்சது ஒன்னும் இல்ல. அந்த சலிப்ப நீங்க அனுபவிக்கணும்னுதான் லெம் அத்தன பக்கம் எழுதறாரு. கடல் நம்ம மேல கோவமா இருந்தா கூட பரவால்ல, ஏதோ உறவாச்சு இருக்குன்னு ஆகும், நாம இருக்கறத அது கவனிச்சுதாங்கறதே தெரியாதுங்கறதுதான் இந்த கதையோட பயம். அதனால வாத்தியார் கேள்விக்கு பதில் தேடாதீங்க, அத யாரு எப்படி கேக்கறாங்கன்னு பாருங்க. அதுல அவங்கவங்க முகம் தெரியும்.

அப்புறம் இந்த நாவல வெச்சு ரஷ்ய டைரக்டர் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படத்த பாத்துட்டு வந்து பேசறவங்கள கொஞ்சம் தள்ளி உக்கார வைங்க. 1972ல வந்த படம், நல்ல படம்தான், ஆனா பூமியில வீடு, குளம், அப்பான்னு ஆரம்பிக்கும், 1961ல வந்த நாவல்ல அதெல்லாம் கிடையாது, லெம்முக்கு அந்த படம் புடிக்கவும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையும் வேணாம், படகு சத்தத்துல இந்த புக்கு எடுபடாது, சேர்வராயன் கோயில் பக்கம் மேல போயிடுங்க.

அடுத்த மாசத்துக்கு ரஷ்ய எழுத்தாளர்கள் ஸ்ட்ருகாட்ஸ்கி அண்ணன் தம்பி எழுதின ரோட்சைட் பிக்னிக் எடுங்க. வேற்றுகிரகத்துக்காரங்க வந்து போனதுக்கப்புறம், விட்டுட்டு போன சாமான திருட்டுத்தனமா எடுத்து விக்கற ஆளுங்க கதை, ஓட்டமா ஓடும், பாதில மூடினவங்களும் திரும்பி வருவாங்க.