கேள்வி பதில்: பத்தாயிரம் கூடக் கிடைத்தால் ஊர் மாறலாமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. (கம்ப்யூட்டரால் இயங்கும் மெஷின்) ஆபரேட்டர் நான். சர்வீஸ் 4 வருஷம் 4 மாதம், கைக்கு 28,000 ரூபாய். ஓசூரில் 38,000 தருகிறார்களாம். மனைவி இங்கே கார்மென்ட்ஸில் 12,000 வாங்குகிறாள். சொந்த வீடு, குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார். போகலாமா?
(அம்பத்தூர் வாசகர்)

பதில்: அந்த 38,000-க்குள் என்னென்ன அடக்கம் என்று முதலில் கேளுங்கள். முதலாளியின் பி.எஃப். பங்கு, போனஸ், ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது வழக்கம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்றால் இரு தரப்பு பி.எஃப். மட்டுமே 3,600. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா என்பதும் ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்துவது கான்ட்ராக்ட் ஆட்களைத்தான்.

சரி, முழுதும் கைக்கே வருகிறது என்று வையுங்கள். குடும்பத்தோடு போனால் வாடகைக்கு 7,000 வேண்டும், மனைவியின் 12,000 நின்றுவிடும். கூடுதல் 10,000 வந்தும் மாதம் 9,000 துண்டு விழும். தனியாகப் போனால் அறைப் பங்கு 3,000, மெஸ் 4,500, இரண்டு தடவை வந்துபோக பஸ்ஸுக்கு 2,000. மிச்சம் 500! அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு நீங்கள் கணக்கே போடவில்லை. உங்களை இங்கே நிறுத்தி வைத்திருப்பதே அதுதான்.

ஒரு காரணத்துக்காகப் போகலாம்: செட்டிங், புரோகிராமிங் கற்றுத் தருவார்கள் என்றால். மெஷினில் ஜாப்பை (செதுக்க வேண்டிய உலோகத் துண்டை) மாட்டி பட்டன் அழுத்துகிற வேலையே என்றால் வேண்டாம். போவதானால் ஆறு மாதம் தனியாக இருந்து பாருங்கள். மனைவிக்கு அங்கே வேலை உறுதியானபின் வீட்டைக் கிளப்புங்கள்.

எப்படியானாலும் இன்னும் எட்டு மாதம் பொறுங்கள். ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு: கடைசி பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆலும் 5-ஆலும் பெருக்குங்கள். 15,000-க்கு 43,000 ரூபாய்க்கு மேல் வரும். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். அதே யு.ஏ.என்.-இல் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்கான பத்து வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாவிட்டால் மாற்றம் நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

கேள்வி: சென்னையின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்தில் அரசு வீடு கிடைத்தும் சிலர் பழைய பேட்டையிலேயே வாடகைக்கு இருக்கிறார்களே, ஏன்?
(புளியந்தோப்பு வாசகி)

பதில்: பழைய பேட்டையிலிருந்து நடந்தே போய் மூன்று வீடுகளில் வேலை செய்துவந்த பெண், அங்கிருந்து காலை ஆறரைக்கு வந்து சேர முடியாது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் போய்வர ஆகும் நேரத்தில் ஒரு வீட்டு வேலை கைவிட்டுப் போகிறது. தெருக்கடைக் கடன், சீட்டு, அவசரத்துக்குக் கைமாற்று தரும் பக்கத்து வீடு இவையும் பெயர்ந்து வருவதில்லை. வீட்டை மட்டும் மாற்றிவிட்டு, சோம்பல் என்று அவர்களைச் சொல்வது அநியாயம்.