‘பலி’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

காஸா செய்திகளுக்கு எந்தச் சேனலை நம்புவது? அல் ஜசீரா ஒன்று சொல்கிறது, பிபிசி வேறொன்று சொல்கிறது. எல்லாருமே விலைபோனவர்கள் என்று செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன். குழந்தைகளின் உடல்களைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை.

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

தூக்கம் வராதது உங்கள் குறையல்ல. கொஞ்ச நாள் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வாசியுங்கள். ஆனால் ‘எல்லாரும் விலைபோனவர்கள்’ என்பது வெறும் சோம்பல். அப்படிச் சொல்லிவிட்டால் எந்தச் செய்தியையும் ஊன்றி வாசிக்க வேண்டியதில்லை, பாருங்கள். சேனல் கிடக்கட்டும். தலைப்பில் எழுவாய் இருக்கிறதா, அதாவது செய்தது யார் என்று சொல்கிறதா?

மேற்குக் கரையிலுள்ள ஜெனினில் 2022 மே 11 அன்று அல் ஜசீராவின் பாலஸ்தீனச் செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘பிரஸ்’ என்றெழுதிய அங்கி அணிந்திருந்தார். நியூயார்க் டைம்ஸ் ‘51 வயதில் இறந்தார்’ என்று தலைப்பிட்டது. பாலஸ்தீனர் சுட்ட குண்டாக இருக்கலாம் என்று முதலில் சொன்ன இஸ்ரேல் ராணுவம், செப்டம்பர் 5 அன்று, தன் வீரர் சுட்டது தவறுதலாகப் பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. அதன் பிறகும் ‘மோதலில் இறந்தார்’ என்று எழுதினால் அது சார்பு.

சான்று வருமுன் எழுவாயைச் சேர்ப்பதும் சார்புதான். 2023 அக்டோபர் 17, காஸாவின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பு. இஸ்ரேல் தாக்கி 500 பேர் இறந்ததாகக் காஸா சுகாதார அமைச்சகம் சொன்னது, உடனே தலைப்பானது. பாலஸ்தீன ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். அமைச்சகத்தின் எண்ணிக்கை பின்னர் 471 ஆனது. அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 வரை என்றது. அந்த அமைச்சகம் அப்போது காஸாவை ஆண்ட ஹமாஸின் கீழ் இருந்தது. ஹமாஸ் கூற்றை அதிகம் நம்பிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் ஆறு நாள் கழித்துக் குறிப்பு வெளியிட்டது.

தமிழில் இந்தக் கோளாறு இரட்டிப்பாகிறது. ஆங்கிலத் தலைப்பின் வாலில் ‘பாலஸ்தீனர்கள் கூறுகின்றனர்’ என்றிருக்கும். மொழிபெயர்ப்பில் இடம் போதாமல் முதலில் வெட்டுப்படுவது அந்த வால்தான். கூற்று உண்மையாகிவிடுகிறது. அடுத்து நம் ‘பலி’. ‘காஸாவில் 30 பேர் பலி’ என்றால் கொன்றவர் யார்? 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஹமாஸ் நடத்திய தாக்குதலை ‘1,200 பேர் பலி’ என்றெழுதினால் ஹமாஸும் மறைந்துபோகிறது. இரண்டு சொல் மிச்சப்படுத்த, கொன்றவரை வெளியே அனுப்பிவிடுகிறோம்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

காஸா சுகாதார அமைச்சகத்தின் பெயருக்கு முன்னால் ‘ஹமாஸ் நடத்தும்’ என்ற அடைமொழி வேண்டுமா என்ற சண்டையை விடுங்கள். அமைச்சகத்தின் கணக்கு போராளிகளையும் பொதுமக்களையும் பிரிப்பதில்லை என்ற வரி செய்தியில் இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

ஒரே நாளின் ஒரே சம்பவத்தை, நீங்கள் சொன்ன இரண்டு சேனல்களிலிருந்தும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். வினைச்சொல் எங்கே மாறியது, ‘கூறுகிறது’ எங்கே விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.