பாலைவனத்தில் பனிக்கட்டி

கேள்வி: ஈரானின் மெய்போத் நகரில் மின்சாரம் வருவதற்கு முன்பே கோடையில் ஐஸ் கிடைத்ததாமே, எப்படி? (வாசகி, மாட்டுங்கா, மும்பை)

பதில்: யஸ்த் நகருக்கு வடமேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கும் மெய்போத்தில், அந்த ஐஸ் கிடங்கை இன்றும் பார்க்கலாம். சுடாத மண் கல்லால் கட்டிய பெரிய கும்மட்டம், அதனடியில் ஆழமான குழி, பக்கத்தில் ஆழமில்லாத தொட்டி, தொட்டியின் தெற்கே உயர்ந்த சுவர். குளிர்காலப் பகலில் தொட்டி மேல் வெயில் படாமல் அந்தச் சுவர் மறைக்கும்.

இரவில் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். உறைந்த பிறகே அதன்மேல் அடுத்த அடுக்கு. ஒரேயடியாக நிரப்பினால் மேற்பரப்பு மட்டும் உறைந்து, அந்த ஏடே கீழிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. மேகம் மூடினாலும் காரியம் கெடும். தெளிந்த வானத்தை நோக்கித்தான் தண்ணீர் தன் வெப்பத்தை இழக்கிறது. பிறகு கட்டிகளை உடைத்துக் குழியில் அடுக்கி, ஒட்டாமலிருக்க இடையிடையே வைக்கோல் போடுவார்கள். உருகிய நீர் தேங்கினால் மற்றதையும் கரைத்துவிடும், அதனால் அடியில் வடிகால் அவசியம்.

மும்பையில் இது நடக்காது. இங்கே குளிர்கால இரவுகூட உறைநிலைக்குப் பக்கத்தில் போவதில்லை. காற்றிலும் ஈரம் அதிகம்.

மெய்போத் போனால் பருத்தி நூலில் நெய்யும் ஜீலு விரிப்பையும் அவசியம் பாருங்கள். வெயில் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான தரைவிரிப்பு இல்லை.